ஆறு தந்தி லைர்: முதல்முறை கையில் எடுப்பவருக்கு

இணையக் கடைகளில் லைர் என்று தேடினால் ஒரே பெயரில் பல கருவிகள் வந்து நிற்கும். 7 தந்தி, 10 தந்தி, 16 தந்தி, சில சமயம் 19 தந்தி. பெரும்பாலும் உலோகத் தந்தி. உருவம் கிரேக்க ஓவியங்களில் வரும் கொம்பு வைத்த கருவி மாதிரி. அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது அல்ல. ஐரோப்பாவின் இடைக்காலத் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் ஸ்காண்டிநேவியாவிலும் கதைப்பாட்டுக்குத் துணையாக இருந்த ஆறு தந்தி லைரைப் பற்றியது. நீளமாக, ஒல்லியாக, இரண்டு மூலைகளும் உருண்டு, மேல் பாதி வெறும் சட்டமாகத் திறந்திருக்கும் மரக்கருவி அது. அதை வாசிக்கும் முறையே தனி. 10 தந்தி லைருக்கான பாடத்தை இதில் போட்டுப் பார்த்தால் ஒன்றும் பொருந்தாது.

நம் யாழை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தாலும் கொஞ்சம் குழப்பம் வரும். யாழில் தந்திகள் பத்தரிலிருந்து எழும்பி வளைந்த கோட்டுக்குப் போகும். அது ஹார்ப் குடும்பம். லைரில் தந்திகள் பலகைக்கு இணையாக, ஒரு குதிரையின் (தந்திகளைத் தாங்கும் சிறு மரத்துண்டு) மேலேறி ஓடும். அந்த அளவில் அது வீணைக்குக் கிட்டே. ஆனால் வீணையில் விரல் வைக்கும் மெட்டுகள் உண்டு, தந்தியை அழுத்தலாம், இழுக்கலாம். லைரில் தந்திக்கு அடியில் விரல் அழுத்த இடமே கிடையாது. ஒரு தந்திக்கு ஒரே சுரம். ஆறு தந்தி, ஆறு சுரம்.

இதைக் கேட்டதும் பலருக்கும் "ஆறே சுரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்றுதான் தோன்றும். நியாயமான கேள்வி. இந்தக் கருவியைக் கற்றுக்கொள்வது என்பதே அந்தக் கேள்விக்கு விரலால் பதில் தேடுவதுதான்.

மண்ணுக்கடியில் கிடைத்தவை

இந்தக் கருவி எப்படி இருந்தது என்று இன்று தெளிவாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் ஒரு கல்லறை. தென்மேற்கு ஜெர்மனியில் ட்ராசிங்கன் என்று ஓர் ஊர். அங்கே 2001-02 குளிர்காலத்தில் தோண்டியபோது, ஈரம் ஊறிய மண்ணில் மரச்சாமான்கள் அழுகாமல் கிடந்தன. வாள், ஈட்டி, மெழுகுவத்தித் தண்டு. இவற்றோடு, இறந்தவரின் கையை ஒட்டி, ஏறக்குறைய முழுதாக ஒரு லைர். மரத்தின் ஆண்டு வளையங்களைக் கொண்டு அந்தக் கல்லறையின் காலம் கி.பி. 580 என்று கணித்திருக்கிறார்கள்.

சுமார் 80 செ.மீ. நீளம், ஒரு சாண் அகலம், ஒரு விரல் கனம். மேப்பிள் மரத்தைக் குடைந்து, மேலே மெல்லிய மேப்பிள் பலகையை ஒட்டியிருக்கிறார்கள். குதிரை வில்லோ மரத்தில். தந்தியை முறுக்கும் பிரடைகள் ஆறில் நான்கு ஆஷ் மரம், இரண்டு ஹேசல் மரம். இடையில் இரண்டு உடைந்து, கைக்குக் கிடைத்த மரத்தில் செதுக்கிச் செருகியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். பலகையின் முன்பக்கம் ஒரு ஈட்டியின் இரு புறமும் ஆறு ஆறு வீரர்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். கை பட்டுப் பட்டுத் தேய்ந்த தடங்களும் இருக்கின்றன. அலங்காரத்துக்குப் புதைத்த பொருள் அல்ல, வாசித்த கருவி. இன்று விற்கும் நல்ல பிரதிகளில் பெரும்பகுதி இதைப் பார்த்துச் செய்தவைதான்.

இங்கிலாந்தில் சட்டன் ஹூ என்ற இடத்தில் 1939-இல் ஒரு கப்பலையே கல்லறையாக்கிய புதையல் கிடைத்தது. அதில் ஒரு வெண்கலக் கிண்ணத்துக்குள் சில மேப்பிள் துண்டுகளும் பறவைத் தலை வடிவ உலோகத் தகடுகளும் இருந்தன. அவற்றை முதலில் ஒரு சிறிய ஹார்ப்பாகத்தான் சேர்த்துப் பார்த்தார்கள். அது லைர் என்று 1970 வாக்கில்தான் திருத்தி அமைத்தார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இப்போது இருப்பது அந்தத் திருத்திய வடிவம். பழைய படங்களில் ஹார்ப்பாக இருப்பதைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

இன்னொன்று, எஸெக்ஸ் பகுதியில் பிரிட்டில்வெல் என்ற இடத்தில் 2003-இல் கிடைத்தது. மரம் அநேகமாக மட்கி, மண்ணில் லைர் வடிவத்தில் ஒரு கருங்கறையாக மட்டும் மிஞ்சியிருந்தது. அதற்குள் சின்னச் சின்ன மரத்துணுக்குகளும் உலோகப் பூண்களும். அந்த லைர் ஒருமுறை இரண்டாக உடைந்து, இரும்பும் வெள்ளியும் முலாம் பூசிய செம்பும் வைத்துப் பழுதுபார்க்கப்பட்டிருக்கிறது. பூண்களில் பதித்திருந்த சிவப்புக் கார்னெட் கற்கள் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ போனவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இங்கிருந்து போன கல், அங்கே உடைந்த கருவியின் மேல்!

எந்தக் கை வாசிக்கிறது

சரி, கருவியைக் கையில் எடுப்போம். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காருங்கள். லைரின் அடிப்பகுதி இடது தொடையில் நிற்கட்டும். பலகையும் தந்திகளும் உங்களுக்கு எதிர்ப்பக்கம், கேட்பவரை நோக்கி இருக்கும். இடது கையைச் சட்டத்தின் திறந்த பகுதி வழியாகப் பின்னாலிருந்து நுழைத்தால் விரல்கள் தந்திகளின் பின்புறம் படும். வலது கை முன்னால். பெரும்பாலான பிரதிகளில் இடது மணிக்கட்டுக்கு ஒரு தோல் வார் இருக்கும். கருவி சாயாமல் அந்த வார் தாங்கிக்கொள்ளும். இடது விரல்கள் எதையும் பிடிக்க வேண்டியதில்லை. வார் இல்லாத கருவி என்றால் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். இடது கை கருவியைத் தாங்கிக்கொண்டிருக்கும்வரை வாசிப்பு வராது.

இது இன்றைய வாசிப்பாளர்கள் கண்டுபிடித்த நிலை அல்ல. 8-ஆம் நூற்றாண்டில் தென்கிழக்கு இங்கிலாந்தில் எழுதப்பட்ட வெஸ்பாசியன் சங்கீதச் சுவடியில் (பைபிளின் சங்கீதப் பாடல்கள் அடங்கியது) தாவீது அரசர் லைரோடு உட்கார்ந்திருக்கும் ஓவியம் இருக்கிறது. அவருடைய இடது கை விரல்கள் தந்திகளுக்குப் பின்னால் விரிந்து தெரிகின்றன.

அந்த இடது கை அங்கே என்ன செய்கிறது? தந்திகளை ஊமையாக்குகிறது. வலது கை ஆறு தந்தியையும் ஒரே வீச்சில் வருடிவிட்டுப் போகும். எந்தத் தந்தி பேச வேண்டாமோ அதன் மேல் இடது விரல் பட்டிருக்கும். விரல் படாதவை மட்டும் ஒலிக்கும். கிட்டார் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். கிட்டாரில் இடது கை சுரத்தை உண்டாக்கும். இங்கே வேண்டாததை நீக்கும். தொடக்கக்காரர்கள் வலது கைக்கு மெனக்கெடுவார்கள். வேலை முழுக்க இடது கையில் இருக்கிறது.

இடது கை தந்தியைத் தனியே சுண்டவும் செய்யலாம், வலது கை விரல்களால் ஒவ்வொரு தந்தியாகப் பறிக்கவும் செய்யலாம். எல்லாம் பின்னால் வரட்டும்.

சுருதி சேர்ப்பது

ஆறு தந்தியை எப்படிச் சேர்த்தார்கள்? ட்ராசிங்கன்காரர் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. ஆனால் இன்றைய வடக்கு பிரான்சில் இருந்த செயிண்ட்-அமாண்ட் மடத்துத் துறவி ஹுக்பால்ட், 9-ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் எழுதிய இசை இலக்கண நூலில் ஆறு தந்திக் கருவியைப் பற்றிச் சொல்கிறார். தந்திகளுக்கிடையே உள்ள இடைவெளி: முழுச்சுரம், முழுச்சுரம், அரைச்சுரம், முழுச்சுரம், முழுச்சுரம். மேற்கத்திய எழுத்தில் ஸி, டி, ஈ, எஃப், ஜி, ஏ. நம் கணக்கில் ஸ, சதுஸ்ருதி ரி, அந்தர க, சுத்த ம, ப, சதுஸ்ருதி த. நிஷாதம் இல்லை. காம்போஜியின் ஆரோகணம் தெரிந்தவர்களுக்கு இந்த வரிசை காதிலேயே இருக்கும்.

ஃபோனில் ஒரு ட்யூனர் ஆப் வைத்து ஒவ்வொரு தந்தியாகச் சேர்ப்பது எளிது. முதல் சில நாட்கள் அப்படியே செய்யுங்கள். அப்புறம் காதால் சேர்க்கப் பழகுவது நல்லது. இந்த ஆறு சுரங்களுக்குள் அதற்கான வழி அழகாக இருக்கிறது.

தடித்த தந்தியை 1 என்றும் மெல்லியதை 6 என்றும் வைத்துக்கொள்வோம். 1-ஐ ஆப் வைத்து ஸ-வில் நிறுத்துங்கள். அதற்குப் பஞ்சமமாக 5. அதே 1-க்கு மத்யமமாக 4. இப்போது 5-ஐ மீட்டி, அதற்கு நான்கு சுரம் கீழே 2, அதாவது ரி. இந்த உறவு ஸ-வுக்கும் ம-வுக்கும் உள்ள அதே உறவுதான். 2-ஐ ஸ என்று நினைத்துப் பாடினால் 5 அதற்கு ம ஆக வரும். 2-க்குப் பஞ்சமமாக 6. கடைசியில், 6-லிருந்து அதே மத்யம உறவில் கீழே இறங்கினால் 3. முடிந்தது. ஸ-ப, ஸ-ம என்ற இரண்டு உறவுகளைத் தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை.

ஒரு விஷயம் மட்டும். இப்படிச் சேர்த்த காந்தாரம், தம்புராவில் தானாகக் கேட்குமே அந்தக் காந்தாரத்தைவிட ஒரு இழை ஏறி நிற்கும். தனியாக வாசிக்கும்போது தெரியாது. 1, 3, 5 மூன்றையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் லேசான உரசல் கேட்கும். காதுக்கு உறுத்தினால் 3-ஐ ஒரு மயிரிழை இறக்கிக்கொள்ளுங்கள். ஆப் காட்டும் பச்சை விளக்கு சிவப்பாக மாறினால் மாறட்டும்.

தந்தி எந்தச் சுருதிக்கென்று செய்யப்பட்டதோ அதற்கு ஒரு முழுச்சுரம் மேலே போனாலே அறுந்துவிடலாம். உங்கள் குரலின் கட்டைக்கு, அதாவது சுருதிக்கு, பொருந்தவில்லை என்றால் ஏற்றுவதைவிட இறக்குவது பத்திரம். இன்னும் வேறுபாடு பெரிதாக இருந்தால் வேறு கனத்தில் தந்தி வாங்க வேண்டும்.

மூன்று விரல் ஊஞ்சல்

முதலில் எல்லாத் தந்தியும் திறந்திருக்க, வலது ஆள்காட்டி விரல் நகத்தின் முதுகால் 1-லிருந்து 6 வரை ஒரே வீச்சு. கையை முழங்கையிலிருந்து ஆட்டாதீர்கள், மணிக்கட்டு போதும். குதிரைக்குப் பக்கத்தில் மீட்டினால் கூர்மையாகவும் மேலே போகப் போக மெத்தென்றும் ஒலிக்கும். நடுவில் ஏதோ ஓரிடத்தில் உங்கள் காதுக்குப் பிடிக்கும், அங்கேயே இருங்கள். நகம் வலித்தால் கெட்டித் தோலில் ஒரு துண்டை வெட்டிக்கொள்ளலாம், மெல்லிய கிட்டார் பிக்கும் ஆகும்.

அடுத்து, இடது கையின் ஐந்து விரலாலும் (ஒரு விரல் இரண்டு தந்தியைத் தொடட்டும்) எல்லாத் தந்தியையும் பின்னாலிருந்து தொட்டு மீட்டுங்கள். 'டக்' என்று ஒரு மரச்சத்தம் மட்டும் வர வேண்டும், சுரம் எதுவும் கேட்கக்கூடாது. விரல் நுனியின் சதை பட்டால் போதும். அழுத்தினால் தந்தி முன்னால் தள்ளப்பட்டு, விரலை எடுக்கும்போது தானாக ஒலிக்கும்.

அடக்கியபிறகும் எங்கோ விசில் மாதிரி மெல்லிய உயர்ந்த ஒலி வந்தால், விரல் தந்தியின் சரிபாதியில் அல்லது மூன்றில் ஒரு பங்கில் படுகிறது என்று அர்த்தம். அந்த இடங்களில் தொட்டால் தந்தி அடங்காது. மேல் ஸ்தாயிச் சுரமாக மாறிப் பேசும். கையை ஒரு விரற்கடை மேலே நகர்த்துங்கள், நின்றுவிடும். பிற்பாடு வேண்டுமென்றே அங்கே தொட்டு அந்த மணியொலியை எடுக்கலாம். ஆறு சுரத்துக்கு மேல் ஒன்றும் இல்லை என்று சொன்னேன் அல்லவா, அதற்கு இது ஒரு சிறிய விலக்கு.

இப்போது முக்கியப் பயிற்சி. ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் தந்திகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் நிறுத்துங்கள்: ஒரு விரல் 1-க்கும் 2-க்கும் நடுவே, அடுத்தது 3-க்கும் 4-க்கும் நடுவே, மூன்றாவது 5-க்கும் 6-க்கும் நடுவே. எதையும் தொடாமல் இருக்கட்டும். கையை லேசாக ஒரு பக்கம் சாய்த்தால் மூன்று விரலும் ஒரே நேரத்தில் 2, 4, 6-ஐத் தொடும். மீட்டினால் 1, 3, 5 ஒலிக்கும்: ஸ க ப. மறுபக்கம் சாய்த்தால் 1, 3, 5 அடங்கி 2, 4, 6 ஒலிக்கும்: ரி ம த. விரல்கள் தனித்தனியே எதுவும் செய்யவில்லை. கை மட்டும் ஊஞ்சல்போல் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. மேற்கத்தியக் கணக்கில் ஒன்று மேஜர் கார்டு (சுரச்சேர்க்கை), இன்னொன்று மைனர் கார்டு. அன்றைய லைர்க்காரர்கள் காலத்தில் அந்தப் பெயர்களெல்லாம் கிடையாது.

எட்டு எண்ணிக்கையில் இதைப் போட்டுப் பாருங்கள்: நான்கு வீச்சு ஸகப, இரண்டு வீச்சு ரிமத, மீண்டும் இரண்டு வீச்சு ஸகப. விடாமல் சுற்றிச் சுற்றி. கை மாறும் இடத்தில் சத்தம் சிதறும். ஒரு கணம் ஆறு தந்தியும் ஒலித்துவிடும், அல்லது எல்லாம் அடங்கிவிடும். வேகத்தைக் குறைப்பதைத் தவிர இதற்கு மருந்து இல்லை. அடக்கும் கை வலது கை வீச்சுக்கு ஒரு நொடிக்கூறு முன்னதாகவே போய்ச் சேர வேண்டும். இரண்டும் ஒன்றாக நகர்ந்தால் சிதறும்.

இது வந்துவிட்டால் வேறு சேர்க்கைகள். 2, 3, 5-ஐ அடக்கினால் ஸ ம த ஒலிக்கும். 2, 4, 5-ஐ அடக்கினால் ஸ க த. இவற்றுக்கு விரல்கள் தனித்தனியே நகர வேண்டும், அதனால் கொஞ்சம் நாள் பிடிக்கும். நான்கு விரலால் நான்கு தந்தியை அடக்கி, 1-ஐயும் 5-ஐயும் மட்டும் விட்டால் வெறும் ஸ-ப. அதை மட்டும் சீராக வருடிக்கொண்டிருந்தால் தம்புரா போட்ட மாதிரி. என்னைக் கேட்டால் முதல் மாதத்துக்கு ஊஞ்சலும் இந்த ஸ-பவும் தாராளம்.

மெட்டு வாசிக்க வேண்டும் என்று கை துறுதுறுத்தால் ஒரு வழி. ஆறு தந்தி, ஐந்து விரல். கட்டை விரலையும் சேர்த்து ஐந்தை அடக்கி ஒன்றை மட்டும் விட்டால், முழு வீச்சிலும் அந்த ஒரு சுரம்தான் கேட்கும். மற்றவை தாளச் சத்தமாக 'டக் டக்' என்று கூட வரும். எந்த விரலைத் தூக்குகிறீர்களோ, எந்தத் தந்தியை மூடாமல் விடுகிறீர்களோ, அதைப் பொறுத்து மெட்டு நகரும். ஒரே கையில் மெட்டும் தாளமும். வேகமாக வாசிப்பவர்கள் இதைச் செய்யும்போது பார்த்தால் இடது கை ஏதோ தட்டச்சு செய்வதுபோல் இருக்கும். உங்களுக்கு அது உடனே வராது, வர வேண்டியதும் இல்லை.

குரலுக்குத் துணை

தொடக்கத்தில் எல்லாரும் செய்வது, திரைப்பாட்டோ வீடியோ கேம் இசையோ எடுத்து அதன் மெட்டைத் தந்தி தந்தியாகப் பறித்துப் பார்ப்பது. பாதி வழியில் ஏழாவது சுரம் தேவைப்படும், அல்லது மேல் ஸ வேண்டியிருக்கும். கருவியிடம் இல்லை. அத்தோடு அலுத்துப்போய் ஓரமாக வைத்துவிடுவார்கள். கருவியின் பிழையல்ல அது. இது தனி ஆவர்த்தனத்துக்கான கருவியாக இருந்ததைவிடக் குரலுக்கு அடியில் ஓடும் கருவியாகவே அதிகம் இருந்திருக்கும். பழைய ஆங்கிலக் காப்பியமான பேயோவுல்பில் அரண்மனைக் கூடத்தில் பாணன் பாடும்போதெல்லாம் தந்திக் கருவியின் ஒலி கூடவே வருகிறது.

பீட் என்ற துறவி 731-இல் எழுதி முடித்த வரலாற்று நூலில் கேட்மன் என்ற மாட்டுக்கொட்டில் வேலைக்காரரின் கதை உண்டு. விட்பி மடத்தைச் சேர்ந்தவர். விருந்தில் கருவி ஒவ்வொருவர் கையாக மாறி வரும். வாங்கியவர் ஒரு பாட்டுப் பாட வேண்டும். தன்னை நெருங்கி வருவது தெரிந்ததும் கேட்மன் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாராம், பாடத் தெரியாது என்ற வெட்கத்தில். பிறகு கனவில் பாட்டு வந்தது, ஆங்கிலத்தின் முதல் கவிகளில் ஒருவரானார் என்று கதை போகிறது. அந்த விருந்தில் சுற்றி வந்தது லைர்தான் என்று ஆய்வாளர்கள் பலரும் கருதுகிறார்கள். சாதாரண ஆட்கள் கைமாற்றி வாசிக்கிற அளவுக்கு எளிய துணைக்கருவியாக அது இருந்திருக்கிறது என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி.

அதனால் பேசிக்கொண்டே வாசித்துப் பழகுங்கள். பழைய ஆங்கிலச் செய்யுளில் அடியின் கடைசியில் இயைபு கிடையாது. ஒரு அடி இரண்டாகப் பிரியும். இரண்டு பாதியிலும் அழுத்தமான சொற்கள் ஒரே ஒலியில் தொடங்கும். நம் மோனை மாதிரியே. அடிக்கு நான்கு அழுத்தம். லைரின் வீச்சு அந்த அழுத்தங்களில் விழலாம், அல்லது பாதி அடி முடியும் இடைவெளியை நிரப்பலாம். பெஞ்சமின் பேக்பி என்ற அமெரிக்கப் பாடகர் பேயோவுல்பை மூலமொழியிலேயே, ஆறு தந்தி லைரோடு பல ஆண்டுகளாக நிகழ்த்தி வருகிறார். அவர் நிகழ்ச்சியைப் பார்த்தால் ஒன்று கவனிக்கலாம்: பல இடங்களில் கருவி வெறும் இரண்டு மூன்று சுரத்தில் நின்றபடி சுழலும், சில இடங்களில் அறவே ஓய்ந்துவிடும். கதை குரலில் நடக்கும்.

பழைய ஆங்கிலம் தெரியாவிட்டால் என்ன? மனப்பாடமாக இருக்கும் ஒரு வெண்பாவையோ ஆசிரியப்பாவையோ எடுத்துக்கொள்ளுங்கள். ராகம் வேண்டாம், சும்மா உரக்கச் சொன்னால் போதும். மோனை விழும் சீரில் ஸகப, அடி முடியும் இடத்தில் ரிமத. பேச்சு ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் இழுக்கும். முதலில் ஸ-பவை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்துவிட்டு ஊஞ்சலுக்குப் போனால் சண்டை குறையும்.

அந்தக் காலத்து லைர் மெட்டு ஒன்றைக் கற்றுக்கொள்ளலாமே என்றால், அப்படி எதுவும் எழுத்தில் மிஞ்சவில்லை. லைர்க்காரர்கள் இன்று விரும்பி வாசிக்கும் பழைய பாட்டுகள் இரண்டு. ஒன்று, சுமார் 1225-இல் எழுதி வைக்கப்பட்ட, கோடை போய்க் குளிர் வருவதைப் பற்றிய ஆங்கிலப் பாட்டு. இன்னொன்று, சுமார் 1300-இல் ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்தில் எழுதிய டேனிஷ் சட்டச் சுவடியின் கடைசிப் பக்கத்தில் சுரக்குறிப்போடு இருக்கும் கனவுப் பாட்டு. இரண்டும் ட்ராசிங்கன் லைருக்கு அறுநூறு எழுநூறு ஆண்டு பிந்தியவை. வாசிக்க நன்றாக இருக்கின்றன, அவ்வளவுதான். "வைகிங் காலத்து உண்மையான இசை" என்று தலைப்புப் போட்டு வருகிறவற்றை ரசியுங்கள், தலைப்பை நம்ப வேண்டாம்.

வாங்கும்போது

ஆறு தந்தி, திறந்த மேல்பகுதி, கை பின்னாலிருந்து தாராளமாக நுழைய இடம். இந்த மூன்றும் இருந்தால்தான் மேலே சொன்ன முறை நடக்கும். கடைப் பக்கத்தில் முன்பக்கப் படம் மட்டும் இருந்தால் பின்பக்கப் படமும் கேளுங்கள். பலகை பின்னால் மேலேவரை மூடியிருக்கும் மாடல்களில் இடது கைக்கு வேலையே இருக்காது.

பழைய காலத்தில் ஆட்டுக்குடலில் திரித்த நரம்போ குதிரை மயிரோ தந்தியாக இருந்திருக்கும். இன்று நைலான், அல்லது நரம்பைப் போல் ஒலிக்கும் செயற்கை இழை. குடல் நரம்பின் ஒலி தனிதான், ஆனால் ஈரக்காற்றில் சுருதி நிற்காது. நம் கடலோர ஊர்களில் செயற்கை இழையே நிம்மதி. புதுத் தந்தி சில நாட்களுக்கு இழுபட்டு இறங்கிக்கொண்டே இருக்கும். கருவி கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை ஏற்றிவிட்டால் தானாக நிலைக்கும்.

பிரடைகளில் இரண்டு வகை. மரப் பிரடை உராய்வில் நிற்பது. திருகும்போதே உள்நோக்கி அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கி அவிழும். வழுக்கல் நிற்கவில்லை என்றால் சாக்பீஸை லேசாகத் தேய்த்தால் பிடிக்கும். இன்னொன்று சாவி போட்டுத் திருகும் சிறிய இரும்பு ஆணி. உறுதியாக நிற்கும், ஆனால் கால் திருகலுக்கே சுருதி எகிறும். தொடங்குபவருக்கு எது நல்லது என்றால், இரும்பு ஆணி என்றுதான் சொல்வேன். மரப் பிரடை பார்க்க அழகு.

குதிரை ஒட்டப்பட்டிருக்காது. தந்திகளின் அழுத்தத்தில் நிற்கிறது. ஆறையும் ஒன்றாகத் தளர்த்தினால் விழுந்துவிடும், அப்புறம் எங்கே நின்றது என்று தேட வேண்டியிருக்கும். வாங்கிய அன்றே பென்சிலால் அதன் கால்களைச் சுற்றிப் பலகையில் மெல்லிய கோடு போட்டு வையுங்கள். தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

ஊஞ்சல் கைவந்த பிறகு சுருதியை மாற்றிப் பார்க்கலாம். தந்தியைத் தொடவே வேண்டியதில்லை: 1-ஐ விட்டுவிட்டு 2-ஐ ஸ என்று பாவித்து, அதிலேயே வந்து வந்து நின்று பாருங்கள். கிரகபேதம்தான், அதாவது ஆதார ஸ-வை வேறு சுரத்துக்கு மாற்றுவது. 3, 4, 5, 6 இப்போது ரி, சாதாரண காந்தாரம், ம, ப ஆகிவிடும். தடித்த 1 கீழ் ஸ்தாயிக் கைசிகி நி. அதே ஆறு தந்தியில் கரகரப்பிரியாவின் சாயல் வந்துவிட்டது. 4-ஐ அரைச்சுரம் ஏற்றினால், 1-ஐ ஸ-வாக வைத்தபோது பிரதி மத்யமம் கிடைக்கும்; அந்தத் தந்தி மட்டும் தாங்குமா என்று மெல்ல ஏற்றுங்கள். 3-ஐ அரைச்சுரம் இறக்குவதில் அந்தக் கவலையும் இல்லை.